கடற்கரைக்குச் சொந்தக்காரர் யார்?



ஆசிரியராக இருந்தவனுக்கு ஓர் இயல்பு உண்டு. தான் சொல்லிக்கொடுத்தவற்றுள் பலவற்றை அவன் மறந்துவிடுவான். தன்னால் விடை சொல்ல இயலாமற்போன வினாக்களை மட்டும் மறக்கமாட்டான். அத்தகைய ஒரு வினாவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேச விரும்புகிறேன்.

பல ஆண்டுகளுக்கு முன், ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் முப்பது பேரை அழைத்துக்கொண்டு பள்ளியிலிருந்து நடந்தே கடற்கரைக்குச் சென்றேன். நண்டு வளையையும் சிப்பியையும் அலையின் போக்கையும் நேரில் காட்டிப் பாடம் நடத்தவேண்டும் என்பது என் எண்ணம். வழக்கமாக நாங்கள் செல்லும் சவுக்குத் தோப்பு வழியில் அன்று புதிதாக ஒரு கம்பிவேலி நின்றது. காவலாளி ஒருவர் வந்து, "இது விடுதிக்காரர் இடம், இந்த வழியாகப் போகக்கூடாது, சார்" என்றார். அவர்மீது குற்றமில்லை, அவர் தம் வேலையைச் செய்தார். இரண்டு மைல் சுற்றிப் போக நேரமும் இல்லை, வெயிலும் ஏறிவிட்டது. திரும்பினோம். வழியில் ஒரு மாணவன், "ஐயா, கடலுக்குச் சொந்தக்காரர் உண்டா?" என்று கேட்டான். "இல்லை, தம்பி" என்றேன். "அப்படியானால் கரைக்கு?" என்றான். "நாளைக்குச் சொல்கிறேன்" என்றேன். அந்த நாளை வரவேயில்லை.

அவனுக்குச் சொல்லவேண்டிய விடையை, நான் ஓய்வு பெற்ற பிறகு, பசிபிக் பெருங்கடலின் கரையில் உள்ள ஒரு காட்டில் கண்டேன். செலவு மிகுந்த உல்லாசப் பயணத்தில் அன்று. ஒரு பழைய வண்டியில், சொந்தச் சமையலோடு தங்கி, கால்நடையாகச் சுற்றிய ஆறு நாட்களில் கண்டேன்.

சில ஆண்டுகளுக்கு முன், அமெரிக்காவின் வடமேற்கிலுள்ள ஓரிகன் மாநிலத்தில், போர்ட்லண்ட் நகரில் வாழும் என் மகளின் வீட்டிற்குச் சென்றிருந்தேன். ஜூன் மாதம், பேத்திக்குப் பள்ளி விடுமுறை தொடங்கியிருந்தது. கடற்கரைக்குப் போகலாம் என்று பேச்சு எழுந்தது. ஆனால் கடலோர விடுதிகளின் அறை வாடகையைக் கூட்டிப் பார்த்ததும் மருமகன் காகிதத்தை மடித்து வைத்துவிட்டார். அவருடைய நண்பர் ஒருவர் அதைக் கேள்வியுற்று, "என் கேரவன் சும்மாதான் நிற்கிறது, எடுத்துக்கொண்டு போங்கள்" என்றார்.

கேரவன் என்றதும், திரைப்பட நட்சத்திரங்கள் படப்பிடிப்புக்கிடையே ஓய்வெடுக்கும் பெரிய வண்டி உங்கள் நினைவுக்கு வரலாம். எங்களுக்குக் கிடைத்தது அத்தகையது அன்று. பதினெட்டு அடி நீளமுள்ள ஒரு பெட்டி, கீழே சக்கரங்கள், தானாக ஓடாது, மருமகனின் பிக்அப் வண்டிக்குப் பின்னால் கொக்கியில் மாட்டி இழுத்துச் செல்லவேண்டும். உள்ளே ஓர் எரிவாயு அடுப்பு, கைகழுவும் தொட்டி, சிறு கழிப்பறை. பகலில் மேசையாக நிற்கும் பலகை இரவில் தாழ்ந்து கட்டிலாகும். மேலே ஒரு குறுகிய பரண். அது பேத்தியின் அரண்மனை. அரிசி, பருப்பு, ரசப்பொடி, ஒரு போத்தல் புளிக்காய்ச்சல் ஆகியவற்றை என் மகள் எடுத்துக்கொண்டாள். புறப்பட்டோம்.

இவ்வகைப் பயணம் எப்போதும் மலிவானது என்று நான் சொன்னால் அது பொய்யாகும். புதிய கேரவன் ஒன்றின் விலையில் நம் ஊரில் ஒரு வீடே வாங்கலாம். வாடகைக்கு எடுத்தாலும் செலவு குறைவன்று. பின்னால் ஒரு சுமையை இழுத்துச் செல்லும் வண்டி வழக்கத்தைவிட மிகுதியாகப் பெட்ரோல் குடிக்கும். ஆகவே சிக்கனம் வண்டியில் இல்லை. பயன்படுத்தும் முறையில்தான் இருக்கிறது. வண்டி சிறியதாகவும் பழையதாகவும் இருக்கவேண்டும். தொலைவு குறைவாக இருக்கவேண்டும். நாள்தோறும் ஓடாமல் ஓரிரண்டு இடங்களில் மட்டும் நிறுத்தி, பிறகு காலால் நடக்கவேண்டும். நாங்கள் மூன்று மணி நேரம் ஓட்டினோம். ஆறு இரவு தங்கினோம். இரண்டே இடங்களில் நிறுத்தினோம். தங்கிய கட்டணம் முழுவதையும் கூட்டினாலும், விடுதிக் கணக்கில் மூன்றில் ஒரு பங்குகூட ஆகவில்லை.

முதல் மூன்று இரவுகள் நியூபோர்ட் நகருக்கு வடக்கே, பெவர்லி பீச் என்னும் மாநிலப் பூங்காவில் தங்கினோம். அங்கு முகாம் நடைபெறும் முறையைச் சிறிது விளக்குகிறேன். மரங்களுக்கிடையே எண்ணிட்ட இடங்கள் உள்ளன. ஒவ்வோர் இடத்திலும் வண்டி நிறுத்தத் தளம், மர மேசை, நெருப்பு மூட்ட ஓர் இரும்பு வளையம் ஆகியவை இருக்கும். கட்டணம் சற்றுக் கூடிய இடங்களில் குடிநீர்க் குழாயும் மின்சாரக் கம்பமும் உண்டு. குறைந்த கட்டண இடங்களில் கூடாரம் அடிக்கலாம். நடந்தோ மிதிவண்டியிலோ வருபவர்களுக்கென்றே தனியிடம் உண்டு. அவர்கள் செலுத்துவது மிகச் சிறு தொகை. கல்லூரி மாணவர்கள் பலரை அங்கே கண்டேன். மிதிவண்டியின் பின்னால் ஒரு மூட்டை. அதுவே அவர்கள் வீடு.

வண்டியில் சேரும் கழிவுநீர் இரண்டு தொட்டிகளில் அடைபட்டிருக்கும். பாத்திரம் கழுவிய நீர் ஒன்றில். கழிப்பறை நீர் மற்றொன்றில். புறப்படும்போது அதற்கென்று அமைத்த குழியில் குழாய் பொருத்தி அவற்றைக் காலி செய்யவேண்டும். வேறெங்கும் ஒரு சொட்டும் விடக்கூடாது. இந்த வேலையை நானும் மருமகனும் செய்தோம். வீட்டில் நாம் ஊற்றும் நீர் எங்கே போகிறது என்று எண்ணிப் பார்ப்பதில்லை. தொட்டியைத் தன் கையால் காலி செய்தவன் மறுநாள் குழாயைத் திறக்கும்போது எண்ணிப் பார்ப்பான். விறகும் அப்படியே. வீட்டிலிருந்து கொண்டுவரலாகாது, அந்தப் பகுதியிலேயே வாங்கவேண்டும். ஒரு காட்டின் மரத்தைத் துளைக்கும் வண்டுகள் விறகோடு விறகாக இன்னொரு காட்டுக்குப் போய்விடும் என்பதே காரணம்.

எங்களுக்கு விறகு விற்றவர் என்னைவிட வயதில் மூத்த ஒரு பெரியவர். அவரும் அவர் மனைவியும் தங்கள் கேரவனிலேயே சில மாதங்கள் அங்கே தங்கிப் பூங்காவுக்குத் தொண்டு செய்பவர்கள். குப்பை பொறுக்குவார்கள், வழி சொல்வார்கள், புதியவர்களுக்கு விதிகளை எடுத்துரைப்பார்கள். சம்பளம் இல்லை, தங்கும் இடம் இலவசம். இத்தகைய தம்பதியர் அந்நாட்டு முகாம்களில் பலர் இருக்கிறார்கள். ஓய்வு பெற்றவன் செய்யத்தக்க வேலை இது என்று எனக்குத் தோன்றியது.

நான்காம் நாள் தெற்கே, யாஹாட்ஸ் என்னும் சிற்றூரைக் கடந்து, பெர்ப்பெச்சுவா முனைக்குச் சென்றோம். கடலிலிருந்து 800 அடி எழும் செங்குத்தான மலைமுனை அது. 1778ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கப்பலில் வந்த கேப்டன் ஜேம்ஸ் குக் அதற்கு இப்பெயரை இட்டார். அதன் அடிவாரத்தில், ஓர் ஓடையின் கரையில், வனத்துறை நடத்தும் முகாம் இருக்கிறது. அங்கே வண்டிக்கு மின்சார இணைப்பு இல்லை. இரவில் ஓடையின் ஒலியும் கடலின் ஒலியும் கலந்து கேட்டன.

ஜூன் மாதம் என்றாலும் காலையில் பற்கள் அடித்துக்கொண்டன. கம்பளிச் சட்டைமேல் மழைச்சட்டை அணிந்து நடந்தோம். கோடையில் ஏன் இத்தனை குளிர் என்று பேத்தி கேட்டாள். அது நல்ல கேள்வி. கோடைக் காலத்தில் அங்கே வடக்கிலிருந்து காற்று வீசுகிறது. பூமி சுழல்வதனால், அக்காற்று தள்ளும் மேற்பரப்பு நீர் கரையை விட்டு விலகிச் செல்கிறது. அந்த இடத்தை நிரப்ப ஆழத்திலிருந்து குளிர்ந்த நீர் மேலெழுகிறது. கடலின் மேலுள்ள ஈரக்காற்று அந்தக் குளிர்நீரைத் தொட்டதும் மூடுபனி பிறக்கிறது. அப்பனி கரையேறி மரங்களில் படிந்து சொட்டுகிறது. மழைக்காலம் அங்கே குளிர்காலந்தான். ஆண்டுக்கு ஏறத்தாழ 70 முதல் 80 அங்குலம் பெய்யும். சென்னையில் பெய்வது ஏறத்தாழ 55 அங்குலம். மழை குறையும் கோடையில் பனி காட்டைக் காக்கிறது.

அந்தக் காட்டின் தலைமை மரம் சிட்கா ஸ்ப்ரூஸ் என்பது. ஊசியிலை மரம்; உப்புக்காற்றைத் தாங்கிக் கடலுக்கு மிக அருகில் வளர்வது. எடை குறைந்தும் வலிமை மிகுந்தும் இருக்கும் அதன் மரத்தால் முதல் உலகப்போரின்போது விமானங்கள் செய்தார்கள். 1917, 1918ஆம் ஆண்டுகளில் அமெரிக்கப் படைவீரர்களே இந்தக் கரைக்கு அனுப்பப்பட்டு மரம் வெட்டினார்கள்.

வெட்டப்படாமல் தப்பிய ஒரு மரத்தைக் காண ஓடைக்கரையில் ஒரு மைல் நடந்தோம். உயரம் 185 அடிக்கு மேல். வயது ஏறத்தாழ 550 ஆண்டு. அதன் அடியில் வேர்கள் தரையை விட்டு உயர்ந்து, நடுவே குகை போன்ற ஒரு வெற்றிடத்தை விட்டிருந்தன. "தாத்தா, இந்த மரம் ஏன் காலூன்றி எழுந்து நிற்கிறது?" என்றாள் பேத்தி. பக்கத்தில் விழுந்து கிடந்த ஒரு மரத்தைக் காட்டினேன். அதன் முதுகில் பாசி படர்ந்திருந்தது; பாசிமேல் விரல் உயரக் கன்றுகள் வரிசையாக முளைத்திருந்தன. புதர் அடர்ந்த தரையில் விதைக்கு வெளிச்சம் கிட்டாது. விழுந்த மரத்தின் மேல் வெளிச்சமும் உண்டு, ஈரமும் உண்டு. அதன்மேல் முளைத்த கன்று, வேர்களை இருபுறமும் இறக்கித் தரையைப் பற்றும். நூறாண்டுகள் கழித்து அடிமரம் மக்கி மறையும். அது கிடந்த இடம் மட்டும் வெற்றிடமாக நிற்கும். அம்மரங்களைச் செவிலிமரம் என்று அங்கே அழைக்கிறார்கள். 550 ஆண்டு மரத்தைத் தாங்கிய செவிலி இன்று இல்லை. அது இருந்த இடத்தைத்தான் நாங்கள் கண்டோம்.

நாங்கள் நடந்த பாதைகளையும் முனையின் உச்சியில் நிற்கும் கற்கூடத்தையும் அமைத்தவர்கள் யார் என்று விசாரித்தேன். 1930களில் பொருளாதார வீழ்ச்சியால் வேலையற்றுத் திரிந்த இளைஞர்களுக்கு வேலை தர, 1933இல் குடியரசுத் தலைவர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 'சிவிலியன் கன்சர்வேஷன் கோர்' என்னும் பணிப்படையை அமைத்தார். 1942 வரை அது நடந்தது. மாதம் 30 டாலர் ஊதியம். அதில் 25 டாலர் வீட்டுக்கு அனுப்பப்படும். உங்கள் வயதுப் பிள்ளைகள் கல் சுமந்து கட்டிய பாதையில் நான் என் முழங்கால் வலியோடு ஏறினேன்.

ஐந்தாம் நாள் விடியற்காலையில் கடல் மிகவும் வற்றியிருந்தது. அந்நேரம் பார்த்துப் பாறைகளுக்கு இறங்கினோம். பாறைக் குழிகளில் தங்கிய நீரில் பச்சைக் கடற்சாமந்திகள் விரிந்திருந்தன. ஊதா நிற முள்ளுருண்டைகள் போன்ற கடல் உயிர்கள் பாறையைக் குடைந்து அமர்ந்திருந்தன. கருநீலச் சிப்பிகள் கூட்டங்கூட்டமாக ஒட்டியிருந்தன. அவற்றின் விளிம்பில் செம்மஞ்சள் நட்சத்திர மீன்கள். இவற்றை மிதிக்காமல் வெறும் பாறையில் மட்டும் கால் வைத்து நடக்கவேண்டும். கடலுக்கு முதுகு காட்டக்கூடாது என்பது அங்கே குழந்தையும் அறிந்த விதி. முன்னறிவிப்பின்றி ஒரு பேரலை வந்து, கரையில் கிடக்கும் பெருமரத்தையே உருட்டி ஆளை நசுக்கிவிடும்.

அந்த நட்சத்திர மீனைப் பற்றி ஒரு செய்தி சொல்லவேண்டும். ஓரிகனுக்கு வடக்கேயுள்ள வாஷிங்டன் மாநிலக் கரையில், இராபர்ட் பெய்ன் என்னும் விலங்கியலறிஞர் 1960களில் ஓர் ஆய்வு செய்தார். பாறையின் ஒரு பகுதியிலிருந்து நட்சத்திர மீன்களை மட்டும் தொடர்ந்து அகற்றி வந்தார். பக்கத்துப் பகுதியை அப்படியே விட்டுவைத்தார். நட்சத்திர மீனின் உணவு சிப்பி. உண்பவன் போனதும் சிப்பிகள் பெருகி, பாறையை வளைத்துக்கொண்டு, மற்ற உயிர்களுக்கு இடமில்லாமற் செய்தன. 15 இனங்கள் வாழ்ந்த இடத்தில் 8 இனங்களே எஞ்சின என்று 1966இல் அவர் வெளியிட்டார். தடுப்பார் இல்லையென்றால், வலிய ஓர் இனம் கரை முழுவதையும் தனதாக்கிக்கொள்கிறது.

இதைப் பேத்திக்கு விளக்கிக்கொண்டிருந்தபோதுதான் என் பழைய மாணவனின் வினா நினைவுக்கு வந்தது. ஆறு நாட்களாக நாங்கள் எத்தனையோ விடுதிகளையும் மாளிகைகளையும் கடந்து மணலில் நடந்திருக்கிறோம். ஒரு வேலியையும் காணவில்லை. ஏன்? அதன் வரலாற்றைத் தேடிப் படித்தேன்.

1913ஆம் ஆண்டில் ஓரிகன் மாநில ஆளுநராக இருந்த ஆஸ்வால்ட் வெஸ்ட் ஒரு சட்டம் கொண்டுவந்தார். நீர் ஏறும் எல்லைக்கும் வற்றும் எல்லைக்கும் இடைப்பட்ட ஈரமணல் முழுவதும் பொது நெடுஞ்சாலை என்று அது கூறியது. சாலை என்றால் எவரும் வேலியிட முடியாதன்றோ? அக்காலத்தில் வண்டிகள் உண்மையாகவே அம்மணலில்தான் ஓடின. ஏறத்தாழ 360 மைல் நீளமுள்ள கரை இவ்வாறு காக்கப்பட்டது.

அரை நூற்றாண்டு கழிந்தது. 1966இல், கேனன் பீச் என்னும் ஊரில் ஒரு விடுதி உரிமையாளர் தம் விடுதியின் முன்னுள்ள உலர்ந்த மணலில் தடுப்பு வைத்து, தம்மிடம் தங்குவோர் மட்டுமே அங்கே அமரலாம் என்றார். புகார் எழுந்தது. அப்போதுதான் மக்களுக்கு ஓர் உண்மை புலப்பட்டது. பழைய சட்டம் ஈரமணலை மட்டுமே காத்தது. அதற்கு மேலுள்ள உலர்மணல் பல இடங்களில் பத்திரப்படி தனியாருடையது. ஆனால் ஈரமணலில் எவர் அமர்வார்? சட்டமன்றத்தில் புதிய மசோதா வந்தது. குழுவிலேயே மடிந்துவிடும் நிலைக்கும் வந்தது. செய்தி பரவியதும் பொதுமக்களின் கடிதங்கள் குவிந்தன. ஆளுநர் டாம் மெக்கால் 1967 மே மாதத்தில், நில அளவையாளர்களையும் அறிஞர்களையும் கூட்டிக்கொண்டு ஹெலிகாப்டரில் கடற்கரையில் வந்திறங்கி, மக்கள் இழக்கவிருப்பது எவ்வளவு என்பதை மணலிலேயே அளந்து காட்டினார். 1967 ஜூலை 6ஆம் நாள் சட்டம் கையெழுத்தாயிற்று. செடிகொடிகள் முளைக்கும் எல்லைவரை மணல் மக்களின் பயனுக்கு உரியதாயிற்று.

வழக்கு மாநில உச்ச நீதிமன்றத்திற்குச் சென்றது. 1969இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பழைய ஆங்கிலச் சட்டத்திலிருந்து 'வழக்கம்' என்னும் கோட்பாட்டை எடுத்தனர். ஓரிடத்தை மக்கள் நினைவுக்கெட்டாத காலமாக, இடையறாமல், சச்சரவின்றிப் பயன்படுத்தி வந்தால் அந்த வழக்கமே உரிமையாகும் என்பது அதன் சாரம். அம்மக்கள் மணலில் நடந்தார்கள், அடுப்பு மூட்டினார்கள், குழந்தைகளை விளையாடவிட்டார்கள். எவரிடமும் அனுமதி கேட்கவில்லை. அந்த நடையே பத்திரத்தை வென்றது.

இத்தோடு நிறுத்தினால் கதை இனிமையாக முடியும். ஆனால் ஆசிரியன் பாதி வரலாற்றைச் சொல்லக்கூடாது. அதே தீர்ப்பில், வெள்ளையர் வந்தபோது அங்கே பழங்குடி மக்கள் ஈரமணலில் சிப்பி தோண்டியும் உலர்மணலில் சமையல் தீ மூட்டியும் வாழ்ந்தார்கள் என்றும், அவ்வழக்கத்தையே புதியவர்கள் தொடர்ந்தார்கள் என்றும் நீதிபதிகள் குறித்திருக்கிறார்கள். வழக்கத்தைத் தொடங்கியவர்கள் என்ன ஆனார்கள்?

யாஹாட்ஸ் ஊரிலிருந்து பெர்ப்பெச்சுவா முனைக்கு ஏறும் ஒரு காட்டுப்பாதைக்கு அமாண்டா பாதை என்று பெயர். கடைசி நாள் அதில் நடந்தோம். அமாண்டா, கூஸ் இனத்தைச் சேர்ந்த முதிய பெண்மணி, கண்பார்வை அற்றவர். அவ்வினத்தாரைத் தெற்கிலிருந்த அவர்களுடைய சொந்த மண்ணிலிருந்து பிடித்துவந்து யாஹாட்ஸில் அரசு அடைத்து வைத்தது. 1864இல் படைவீரர்கள் அமாண்டாவைப் பிரித்து அழைத்துச் சென்றபோது அவருடைய சிறு மகள் பின்தங்கிவிட்டாள். கூரிய பாறைகளில் வெறுங்காலோடு நடந்து அவருடைய பாதங்கள் கிழிந்தன. வழிநெடுகக் குருதி படிந்தது. அவரை நடத்திச் சென்ற படையைச் சேர்ந்த ஒரு வீரரே இதைத் தம் நாட்குறிப்பில் எழுதிவைத்தார். யாஹாட்ஸில் பலர் பசியாலும் நோயாலும் இறந்தனர். 1875இல் அந்த நிலமும் குடியேறிகளுக்குத் திறந்துவிடப்பட்டது. அவ்வினத்தாரின் வழித்தோன்றல்களை ஒரு மக்களினமாக நடுவண் அரசு மீண்டும் ஏற்றது 1984இல்தான்.

அமாண்டாவின் சிலை ஒன்று அந்தப் பாதையில் இருக்கிறது. அதன் முன் நின்றபோது பேத்தி என் கையைப் பற்றிக்கொண்டாள், ஒன்றும் கேட்கவில்லை. நானும் ஒன்றும் சொல்லவில்லை. வழக்கம் உரிமையாகும் என்று 1969இல் நீதிமன்றம் சொன்னது. மிக நீண்ட வழக்கம் உடையவர்களை 1864இல் எந்த நீதிமன்றமும் காக்கவில்லை. ஆகவே வழக்கம் மட்டும் போதாது. அதைக் காக்கும் சட்டம் வேண்டும். அச்சட்டம் எல்லோரையும் மனிதராகக் கருதவேண்டும்.

மாணவ நண்பர்களே, இனி நம் கரைக்கு வருவோம். நம் நாட்டில் 1991ஆம் ஆண்டின் அறிவிக்கை ஒன்று, உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரையுள்ள கடலோர நிலத்தில் எவை செய்யலாம், எவை செய்யலாகாது என்று முறைப்படுத்தியது. பின்னர் 2011, 2019ஆம் ஆண்டுகளில் அது மாற்றி அமைக்கப்பட்டது. 1996 டிசம்பரில், பியாஸ் ஆற்றின் போக்கை ஒரு விடுதி தன் நலனுக்காக மாற்றியது பற்றிய வழக்கில், நம் உச்ச நீதிமன்றம் ஒரு கோட்பாட்டை உறுதிப்படுத்தியது. கடற்கரை, ஓடும் நீர், காற்று, காடு ஆகியவற்றுக்கு அரசு உடைமையாளர் அன்று, அறங்காவலரே. அவற்றின் பயன் பொதுமக்களுக்கு உரியது என்பது அக்கோட்பாடு. சட்டம் நம் பக்கம் நிற்கிறது என்று இதனால் அறிகிறோம். ஆனால் எவரும் நடக்காத பாதையில் வேலி எழுந்தால் அதைக் கண்டு சொல்ல ஆள் இருக்கமாட்டார்.

ஆகவே நான் உங்களுக்குக் கொடுக்கும் வீட்டுப்பாடம் இது. கேரவன் வேண்டாம், விமானமும் வேண்டாம். உங்கள் ஊரிலிருந்து மிதிவண்டியிலோ பேருந்திலோ சென்று மாலைக்குள் திரும்பக்கூடிய ஒரு கரையைத் தேர்ந்தெடுங்கள். கடல் தொலைவாயின் ஆற்றங்கரையோ ஏரிக்கரையோ போதும். கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொள்ளுங்கள். தனியே போகாதீர்கள், அலையில் இறங்காதீர்கள். மாதம் ஒருமுறை, அதே ஒரு மைல் தொலைவை, ஓராண்டு நடந்து பாருங்கள். என்ன கண்டீர்கள் என்பதை நாள் குறித்து எழுதுங்கள். எந்தப் பறவை வந்தது, எந்த மாதத்தில் மணல் அரித்தது, எந்தக் குழாய் புதிதாகக் கழிவைக் கொட்டுகிறது, எந்த வழி அடைபட்டது என்று எழுதுங்கள். பன்னிரண்டு பக்கங்கள் நிரம்பும்போது, அந்த ஒரு மைலைப் பற்றி உங்கள் ஊரில் உங்களைவிட அறிந்தவர் சிலரே இருப்பார்கள்.

அச்சிலரில் முதல்வர் மீனவராக இருப்பார். நம் கரையில் நீண்ட வழக்கம் உடையவர் அவரே. அவர் வலை உலர்த்தும் இடத்தில் மிதிக்காதீர்கள். படகின் மேல் ஏறி விளையாடாதீர்கள். நீர் எப்போது ஏறும், எப்போது வற்றும் என்று அவரிடம் கேளுங்கள். அவர் சொல்வதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளுங்கள். நாம் காற்று வாங்கப் போகும் கரை அவருக்கு வயிற்றுப்பாடு. கரை எல்லோருக்கும் உரியது என்று நாம் பேசும்போது, அந்த எல்லோரிலும் அவர் முதலில் இருக்கவேண்டும். அமாண்டாவின் பாதையில் நான் கற்றுக்கொண்டது அது.

அன்று என்னிடம் வினா எழுப்பிய மாணவன் இப்போது நடுவயதைக் கடந்திருப்பான். அவனுக்கே உங்கள் வயதில் பிள்ளைகள் இருக்கலாம். அவன் எங்கேனும் இதைக் கேட்டுக்கொண்டிருந்தால் அவனுக்குச் சொல்கிறேன். தம்பி, கரைக்குச் சொந்தக்காரர் இல்லை, காவலர் உண்டு. அரசு ஒரு காவலர். அங்கே நடந்து, பார்த்து, எழுதிவைக்கும் ஒவ்வொருவரும் மற்றொரு காவலர். அன்று நாம் வேலியைக் கண்டதும் திரும்பிவிட்டோம். இரண்டு மைல் சுற்றியாவது போயிருக்கவேண்டும். வேலி முறைதானா என்று மறுநாளே எழுதியும் கேட்டிருக்கவேண்டும். அது உன் ஆசிரியனின் தவறு. நாளைக்குச் சொல்கிறேன் என்றதை இன்று சொல்லிவிட்டேன்.